தில்லியிலிருந்து அட்டாரி வரை பழைய ஜி.டி. சாலையில்: அப்பாவை அழைத்துச் செல்ல வழி கேட்கிறேன்

மயூர் விஹார் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1974இல் தஞ்சாவூரிலிருந்து மத்திய அரசு வேலைக்காகத் தில்லிக்கு வந்தவர். எங்கள் வீட்டில் ‘ஜி.டி.’, அதாவது ‘கிராண்ட் டிரங்க்’, என்றால் அது ரயிலைத்தான் குறிக்கும். பள்ளி விடுமுறை விட்டதும் பெட்டி படுக்கையோடும் கூஜாவோடும் அந்த வண்டியில் ஏறி ஊருக்குப் போவோம். ஜூன் கடைசியில் ஊறுகாய் ஜாடியோடும் வடாம் மூட்டையோடும் அதே வண்டியில் திரும்புவோம். அந்தப் பெயர் ஒரு சாலைக்கும் உரியது என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சென்ற மாதம் பேரனை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்ற அப்பா, மான்களையும் பறவைகளையும் விட்டுவிட்டு, பூங்காவுக்குள் தனியாக நிற்கும் ஒரு பழைய தூணின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறார். அது முகலாயர் காலத்துச் சாலையில் தொலைவு காட்டிய கோஸ் மினார் என்று அங்கே எழுதியிருந்ததாம். வீட்டுக்கு வந்தவர், “ஐம்பது வருஷமா இந்தச் சாலையோரத்துலதான் குடியிருந்திருக்கேன், ஒரு தடவைகூட அதுல போனதில்லை” என்றார். அப்பா எதையும் வேண்டும் என்று கேட்கிறவர் அல்லர். ஆகவே அவர் வாய்விட்டுச் சொன்ன இந்த ஒன்றையாவது நிறைவேற்றிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நவம்பர் மாதத்தில் எங்கள் சொந்தக் காரில் மூன்று அல்லது நான்கு நாள் பயணமாகத் தில்லியிலிருந்து அமிர்தசரஸ் வழியாக அட்டாரி எல்லை வரை போக நினைக்கிறோம். கார் ஓட்டுவது நான். அப்பாவுக்கு 75 வயது. முழங்கால் வலி உண்டு. சைவ உணவு மட்டுமே. இப்போதைய தேசிய நெடுஞ்சாலையும் பழைய சாலையும் ஒன்றுதானா, வழியில் எங்கெல்லாம் இறங்கிப் பார்க்க வேண்டும், எவற்றைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்பவற்றை, அந்த வழியில் போய் வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரோல் பாக் பயணி

வணக்கம் சகோதரி. சைக்கிள் உதிரிபாக வணிகத்துக்காக மாதம் இருமுறை லூதியானாவுக்கு இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அவற்றில் முதல் பதினைந்து ஆண்டுகள் நான் அந்தச் சாலையில் லாரிகளையும் சுங்கச்சாவடிகளையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஒருமுறை கர்னாலுக்கு அருகே டயர் பஞ்சராகி, கடை தேடிச் சர்வீஸ் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பினேன். இரண்டு வீடுகளுக்கு நடுவே, சுற்றிலும் வறட்டி அடுக்கி வைத்திருக்க, ஒரு கோஸ் மினார் நின்றது. நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம்தான் இருக்கும். அத்தனை ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான முறை அதைக் கடந்து போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: இப்போதைய நெடுஞ்சாலை பழைய சாலையின் திசையில் போகிறதே தவிர, பழைய சாலையின் மீதே எல்லா இடத்திலும் போகவில்லை. தில்லியிலிருந்து லூதியானாவைத் தாண்டிச் சட்லெஜ் நதிக்கரை வரை இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே போகின்றன. நதியைக் கடந்து பில்லோரை அடைந்ததும் அவை பிரிகின்றன. ஆங்கிலேயர் செப்பனிட்ட ஜி.டி. சாலையும் இன்றைய நெடுஞ்சாலையும் ஜலந்தர், பியாஸ் வழியாக அமிர்தசரஸுக்குப் போகின்றன. முகலாயர்கள் ஆக்ராவிலிருந்து லாகூருக்குப் போன சாலையோ நூர்மஹல், நகோதர், சுல்தான்பூர் லோதி, கோயிந்த்வால் என்று தெற்கே ஒதுங்கிச் சென்று, கோயிந்த்வாலில் பியாஸ் நதியைக் கடந்து, தரன்தாரன் பக்கமாக லாகூரை நோக்கிப் போனது. தில்லிப் பூங்காவில் உங்கள் அப்பா பார்த்த மினார் அந்த ஆக்ரா–லாகூர் சாலையைச் சேர்ந்தது. அதன் கூடப்பிறந்தவற்றைத் தேடிப் போவதாக இருந்தால், பஞ்சாபுக்குள் நுழைந்தபின் நெடுஞ்சாலையை விட்டு இறங்கத்தான் வேண்டும்.

சாலையின் பெயர் 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா சூரியோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. வங்காளத்தின் சோனார்காவிலிருந்து சிந்து நதி வரை அவர் சாலையைச் சீர்ப்படுத்தி, வழிநெடுகச் சராய் எனப்படும் சத்திரங்களையும் கிணறுகளையும் மரங்களையும் அமைத்தார். ஆனால் அவருக்கு வெகு காலத்துக்கு முன்பே ‘உத்தராபதம்’ என்ற பெயரில் வணிகர்கள் நடந்த வழி அது. நாம் இன்று பார்க்கும் மினார்களில் பெரும்பாலானவை அவருக்குப் பின்வந்த முகலாயர்கள் எழுப்பியவை. ஒரு கோஸ் என்பது ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஒவ்வொரு கோஸுக்கும் ஒன்றாக, முப்பது அடி உயரத்தில், கீழ்ப்பாதி எண்கோணமாகவும் மேற்பாதி உருண்டையாகவும் சிறு செங்கற்களால் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். செங்கல் ஒவ்வொன்றும் நம் கட்டைவிரல் கனம்கூட இராது. மினாரில் எழுத்து எதுவும் கிடையாது. சமவெளியில் மரத்துக்கு மேலே தலை தெரிந்தால் போதும், வழிப்போக்கனுக்கு அதுவே சேதி.

வழியில் பானிபட்டை மட்டும் தவறவிடாதீர்கள். அங்கே மேம்பாலத்தில் ஏறிவிட்டால் ஊர் காலடியில் போய்விடும். ஆகவே பாலம் தொடங்குமுன் கீழ்ச்சாலையில் இறங்கிவிடுங்கள். 1526, 1556, 1761 என்று மூன்று போர்கள் அந்த ஊரைச் சுற்றி நடந்ததற்கே இந்தச் சாலைதான் காரணம். வடமேற்கிலிருந்து தில்லியை நோக்கி வரும் படைக்கும், அதைத் தடுக்கப் புறப்படும் படைக்கும் வேறு வழி இருக்கவில்லை. சாலையில் இன்னும் கொஞ்சம் மேலே போனால், 1739இல் நாதிர் ஷா முகலாயப் படையை முறியடித்த கர்னால்; அதையும் தாண்டினால் 1191இலும் 1192இலும் பிருத்விராஜனும் கோரி முகம்மதுவும் மோதிய தராவடி. பானிபட்டில் இப்ராகிம் லோதியின் சமாதி திறந்த வானத்தின் கீழ் ஒரு மேடை, அவ்வளவுதான். ஒரு சுல்தானின் சமாதி இத்தனை எளிமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வென்ற பாபர் அங்கேயே எழுப்பிய காபுலி பாக் மசூதியையும் பார்த்தால், போரைப் பற்றிப் புத்தகத்தில் படித்தது எல்லாம் கண்முன் வந்து நிற்கும்.

கர்னாலுக்கு முன் கரவுண்டா என்னும் ஊரில் ஷாஜகான் காலத்துச் சராயின் வாசல்கள் நிற்கின்றன. பத்து நிமிடம் போதும், படியேற வேண்டியதில்லை.

துவாரகா ஓட்டுநர்

நெடுஞ்சாலை ஓட்டுதல் பற்றி மட்டும் சொல்கிறேன். நவம்பர் நல்ல மாதம்தான். ஆனால் முதல் இரண்டு வாரங்களில் வைக்கோல் எரிக்கும் புகை பஞ்சாப், அரியானா இரண்டிலும் இருக்கும் என்பதால், மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களாக இருந்தால் மாதக் கடைசியை நோக்கித் தள்ளிப்போடுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் மூடுபனி. சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரியில் அம்பாலாவைத் தாண்டி அதிகாலையில் ஓட்டிச் சென்றபோது, பின்விளக்கே இல்லாத ஒரு கரும்பு டிராக்டர் பத்தடி தூரத்தில்தான் என் கண்ணில் பட்டது. ஒடித்துத் திருப்பியதில் கார் மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், அன்று முதல் அந்தச் சாலையில் விடிந்து வெயில் ஏறும் முன் நான் வண்டி எடுப்பதில்லை.

தில்லியிலிருந்து அமிர்தசரஸ் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். நேரே போனால் ஒரே பகலில் போய்விடலாம். நீங்கள் இறங்கி இறங்கிப் போவதால் முதல் நாள் குருட்சேத்திரத்தில் தங்குங்கள். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். வழியில் முர்தலில் உள்ள தாபாக்கள் (சாலையோர உணவகங்கள்) சைவத்துக்கும், தந்தூரி பராட்டாவின் மேல் உருகும் வெண்ணெய்க் கட்டிக்கும் பெயர் போனவை. அப்பாவுக்குப் பராட்டா கனமாக இருந்தால் தயிரும் தவா ரொட்டியும் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இன்னொன்று: நவம்பர் அங்கே கல்யாண மாதம். முன்பணம் வாங்கிக்கொண்ட ஒரு விடுதி, இரவு ஒன்பது மணிக்குக் கல்யாண வீட்டாருக்கு அறையைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, என் மனைவியையும் குழந்தைகளையும் வாசலில் நிறுத்தியது. புறப்படும் அன்று காலையில் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து மறுபடியும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மந்திர் மார்க் ஆசிரியை

கேள்வி கேட்ட மகளுக்கும் அவருடைய அப்பாவுக்கும் வணக்கம். நான் தில்லியில் தமிழ்ப் பள்ளியொன்றில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் வடக்கே போகும் வழியைச் சொல்லிவிட்டார்கள். பயணத்தை எங்கே தொடங்குவது என்பதை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் அப்பாவைப் பெரோஸ் ஷா கோட்லாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கிரிக்கெட் மைதானத்தை அடுத்த இடிபாடுகளின் உச்சியில் அசோகரின் தூண் ஒன்று நிற்கிறது. இன்றைய அரியானாவின் தோப்ரா என்னும் ஊரில் இருந்ததைப் பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் பெயர்த்தெடுத்து, சேதமாகாதபடி பஞ்சும் நாணலும் சுற்றி, யமுனையில் படகேற்றித் தில்லிக்குக் கொண்டுவந்தார். அந்தத் தூணில்தான் அசோகரின் ஏழாவது தூண் கல்வெட்டு இருக்கிறது. சாலைகளில் மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரங்களை நடச் செய்தேன், மாந்தோப்புகளை வைக்கச் செய்தேன், கிணறுகளை வெட்டச் செய்தேன், தங்குமிடங்களைக் கட்டச் செய்தேன், தண்ணீர்ப் பந்தல்களை அமைக்கச் செய்தேன் என்று அதில் அவர் சொல்கிறார். பாடநூலில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த ‘அசோகர் மரம் நட்டார்’ என்ற வரிக்குப் பிறப்பிடம் தில்லியிலேயே நிற்கும் அந்தக் கல்தான். அதன் வழவழப்பு இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மாலை வெயிலில் தெரியும். மேலே ஏறப் படிகள் உண்டு. முழங்கால் வலியோடு ஏற வேண்டாம், கீழே புல்வெளியில் நின்றாலே தூண் நன்றாகத் தெரியும்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தில்லியிலிருந்து வடக்கே நீங்கள் பிடிக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தெற்கே போனால் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடிகிறது. அந்தத் தருமபுரிப் பகுதியில்தான் அதியமான் பெருவழியின் காதக்கற்கள் கிடைத்தன. நாவற்றாவளம் என்னும் ஊர் இத்தனை காதம் என்று எழுத்தில் வெட்டி, படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் எண்ணிக்கொள்ளட்டும் என்று அதே எண்ணைக் குழிகளாகவும் குடைந்து வைத்திருக்கிறார்கள். கோஸ் மினார் தூரத்திலிருந்து பார்க்கக் கட்டியது. நம் காதக்கல் கிட்டே வந்து விரலால் தொட்டு எண்ணச் செய்தது. சராய் என்பதும் நமக்குப் புதிதில்லை. நாம் சத்திரம் என்றும் சாவடி என்றும் சொன்னதைத்தான் அவர்கள் சராய் என்றார்கள். பேர் சராய், காலு சராய், கட்வாரியா சராய், யூசுப் சராய் என்று தில்லியில் தினமும் சொல்லும் பெயர்களில் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வழிப்போக்கர் தங்கிய இடத்தின் பெயர். வடக்கே போகும் ஜி.டி. சாலையிலேயே, நகரத்துக்குள், பத்லி கி சராய் என்ற இடத்தில் 1857 ஜூன் 8 அன்று கிளர்ச்சிப் படையும் கம்பெனிப் படையும் மோதின.

உங்கள் வீட்டு ‘ஜி.டி.’ ரயிலுக்கும் இந்தத் திசைக்கும் தொடர்பு உண்டு. 1929இல் தொடங்கியபோது அந்த வண்டி பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடியது. அப்பா ஊரிலிருந்து வந்து இறங்கிய தில்லி, அந்த வண்டிக்கு ஒரு காலத்தில் நடுவழி நிலையமாகத்தான் இருந்தது.

மயூர் விஹார் மகள்

ஆசிரியை அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. கடைசிப் பத்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். துவாரகா ஓட்டுநர் சொன்னபடி பயணத்தை நவம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றிவிட்டேன்.

கரோல் பாக் பயணியிடம் ஒன்று கேட்க வேண்டும். பில்லோரிலிருந்து நெடுஞ்சாலையை விட்டு விலகினால் சாலை எப்படி இருக்கும்? நான் தனியாக ஓட்டுகிறேன். அப்பாவுக்கு அடிக்கடி கழிப்பறை வசதி வேண்டும். அந்த வழியில் போவதால் அமிர்தசரஸில் ஒரு நாள் குறையுமானால், அது தகுமா?

ஷாலிமார் பாக் வாசகர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவையும் அப்பாவையும் நான் இதே வழியில் அழைத்துச் சென்றிருக்கிறேன். வயதானவர்களுக்கு மூன்றாவது சராய்க்கு மேல் எல்லாச் செங்கல்லும் ஒன்றாகத்தான் தெரியும். பொற்கோயிலின் பிரகாரத்தில் விடியற்காலை உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தைத்தான் என் அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அமிர்தசரஸில் எதையும் குறைக்காதீர்கள் என்பது என் கருத்து.

கரோல் பாக் பயணி

ஷாலிமார் பாக் வாசகர் சொல்வதை மறுக்க மாட்டேன்; பொற்கோயிலுக்கு ஒரு விடியற்காலை முழுதாக வேண்டும். அதற்காகவே நான் வழியில் உள்ளவற்றைக் குறைக்கச் சொல்வேன். ஷம்பு, தோராஹா சராய்களை விட்டுவிடுங்கள். சிர்ஹிந்தில் ஆம் காஸ் பாக் என்னும் முகலாயர் காலத் தோட்டம் அழகானதுதான், ஆனால் அதையும் விட்டுவிடலாம். குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள் இருவரும் உயிர்நீத்த இடத்திலுள்ள பதேகட் சாகிப் குருத்வாராவை மட்டும் வணங்கிவிட்டு மேலே செல்லலாம். குருத்வாராக்களில் கழிப்பறையும் குடிநீரும் உட்கார இடமும் எப்போதும் உண்டு, லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் சூடான சைவ உணவும் உண்டு. பழைய வழியில் சுல்தான்பூர் லோதியிலும் கோயிந்த்வாலிலும் தரன்தாரனிலும் பெரிய குருத்வாராக்கள் இருப்பதால், அப்பாவுக்கு நெடுஞ்சாலையை விட அந்த வழியே வசதி. குருநானக் இளமையில் வேலை பார்த்து வாழ்ந்த ஊர் சுல்தான்பூர் லோதி. கோயிந்த்வாலில் 84 படிகள் கொண்ட கிணறு இருக்கிறது. படியில் இறங்க வேண்டாம், மேலிருந்தே பார்க்கலாம். சாலை இருவழிச் சாலைதான். டிராக்டர்களின் பின்னால் பொறுமையாகப் போக வேண்டியிருக்கும். பகலில் போங்கள்.

இந்த வழியில் இரண்டே இரண்டு சராய்களை மட்டும் பாருங்கள். முதலாவது நூர்மஹல். ஜகாங்கீரின் மனைவி நூர்ஜகானின் ஆணைப்படி 1620 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கு வாசல் முழுவதும் சிவப்புக் கல்லில் செதுக்கியது. பொதுவாக முகலாயக் கட்டடங்களில் பூவும் கொடியும்தான் இருக்கும். இந்த வாசலில் யானையும் பறவையும் மனித உருவமும் இருக்கின்றன. காரை வாசலுக்கு அருகிலேயே நிறுத்தலாம். ஐந்து நிமிடம் நின்று கண்ணால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, அட்டாரிக்கு அருகிலுள்ள சராய் அமானத் கான். தாஜ்மகாலின் வாசலில் கருப்புக் கல்லால் பதித்த குர்ஆன் வரிகளை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். அவற்றை எழுதி, அதிலேயே தன் கையொப்பத்தையும் விட்டுச் சென்ற எழுத்துக் கலைஞர் அமானத் கான், அரச சேவையிலிருந்து ஒதுங்கியபின் இந்தச் சராயைக் கட்டினார். வாசலில் நீலமும் மஞ்சளும் பச்சையுமாகப் பதித்த ஓடுகளில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பதில் அவருடைய எழுத்து இன்னும் நிற்கிறது. சராய்க்குள் இப்போதும் குடும்பங்கள் வசிக்கின்றன. வாசல் வளைவின் கீழே மாட்டு வண்டியும் மோட்டார் சைக்கிளும் போய் வருகின்றன. மற்ற இடங்களில் வேலி போட்டுப் பலகை வைத்திருப்பார்கள். இங்கே மட்டும் சராய் சராயாகவே இருக்கிறது. நான் போனபோது ஒரு பாட்டி கயிற்றுக் கட்டிலைக் காட்டி உட்காரச் சொல்லி, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டு மோர் கொடுத்தார்.

நீங்கள் லூதியானாவில் இரண்டாம் இரவு தங்கி, மூன்றாம் நாள் இந்த வழியாக அட்டாரியை அடைந்து, அங்கிருந்து அமிர்தசரஸுக்கு வந்து தங்கினால், நான்காம் நாள் விடியற்காலை பொற்கோயிலுக்கு முழுதாகக் கிடைக்கும். எல்லைப் பகுதி என்பதால் இருவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். அட்டாரி எல்லையில் நடக்கும் கொடியிறக்க நிகழ்ச்சியின் நேரம் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மயூர் விஹார் மகள்

அப்படியே செய்கிறோம். நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா தன் பழைய அலுவலக நாட்குறிப்பை எடுத்து, கோட்லா, பானிபட், கரவுண்டா, குருட்சேத்திரம், சிர்ஹிந்த், நூர்மஹல், சுல்தான்பூர் லோதி, கோயிந்த்வால், அமானத் கான் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோமீட்டரில் ஒரு கட்டமும் கோஸில் ஒரு கட்டமும் கோடு போட்டு வைத்திருக்கிறார். கோஸ் கட்டத்தை வழியில் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்வாராம்.